வானம் பார்த்த பூமிக்கு ஓர் அளவுகோல்

(திருப்பதியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அறக்கட்டளை என்னும் சொல்லுக்கு வேறு ஊர்களில் இல்லாத ஒரு கனம் திருமலையின் அடிவாரத்தில் நின்று சொல்லும்போது வந்துவிடுகிறது. மேலே கோயில் மதில்களில் வெட்டப்பட்டிருக்கும் சாசனங்களிற் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை என்பதும், யாரோ ஒருவர் ஏதோ ஒரு கைங்கரியத்திற்காக விட்ட பொருளையும் அப்பொருளை நிர்வகிக்கும் ஏற்பாட்டையும் அவை பதிந்துவைத்திருக்கின்றன என்பதும் இச்சபையினர் அறிந்தவையே. பல்லவ குலத்து அரசி சாமவை வெள்ளித் திருமேனி ஒன்று செய்தளித்து, அதன் பூஜைக்கென்று நிலமும் விட்டாள். விஜயநகர காலத்திலோ பணமாகவே விட்டவர்கள் பலர். அப்பணத்தை ஸ்ரீபண்டாரத்தார் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடவில்லை. கோயிலுக்குரிய கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் தோண்டவும் அதனை இட்டு, அதனால் அதிகமாக விளைந்த நெல்லைக் கொண்டு அமுதுபடியை நடத்தினார்கள். படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு 'விட்டவன் விழுக்காடு' என்ற பெயரால் கொடுத்தவரிடமே திரும்பி வந்தது. அமெரிக்க சரித்திர ஆசிரியர் பர்ட்டன் ஸ்டெய்ன் இந்த ஏற்பாட்டைப் பற்றி 1960-ல் எழுதிய கட்டுரையைப் பொருளாதார மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். பல கிராமங்களின் விளைவு ஒரே களஞ்சியத்திற்கு வந்து சேர்வதால், ஓர் ஊரில் மழை தவறினாலும் வேறோர் ஊரின் நெல் அன்றைய தளிகையைத் தாங்கிக்கொள்ளும் என்பதை அக்களஞ்சியத்தின் கணக்கர் ஒருவரும் ஒரு சூத்திரமாக எழுதிவைக்கவில்லையாயினும், அவர்கள் நடத்திய காரியம் அதுவே என்பது என் அபிப்பிராயம். ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளும் சாஸ்திரத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் எனக்குக் கிடைத்திராது.

மறைந்த அறிஞர் ஒருவருடைய தொண்டை எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதே அறக்கட்டளையார் எனக்கு இட்ட பணி. அறிஞர் யார் என்பதைத் தெரிந்தெடுக்கும் உரிமையையும் அவர்களே எனக்குக் கொடுத்தார்கள். நான் தெரிந்தெடுத்த பெயர் விநாயக் மகாதேவ் தாண்டேகர். 1920-ம் ஆண்டு ஜூலையில் மகாராஷ்டிரத்துச் சாதாராவில் பிறந்து, புனாவிலுள்ள கோகலே அரசியல் பொருளாதார ஆராய்ச்சி நிலையத்தில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்து, 1966 முதல் 1980 வரை அதன் தலைமையை வகித்து, 1995-ல் காலமானவர். அந்த நிலையமும் 1930-ல் ஆர். ஆர். காளே என்னும் தர்மசீலர் விட்ட அறக்கட்டளையினால் எழுந்ததே. தாண்டேகர் என்றதும், நீலகண்ட ரத் என்பாரோடு சேர்ந்து 1971-ல் அவர் வெளியிட்ட இந்திய வறுமை பற்றிய ஆராய்ச்சியும், ஒரு நாளைக்கு 2,250 கலோரி உணவு என்னும் கணக்கும், அதன்மேல் சுகாத்மே முதலியோர் தொடுத்த வாதங்களுமே பலருக்கு நினைவு வரும். நான் பேசப்போவது அந்தத் தாண்டேகரைப் பற்றியன்று. 1976-ல் பயிர்க் காப்பீட்டைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி, அதுவரை ஆகாத காரியம் என்று விஷயமறிந்தவர்கள் கைவிட்டிருந்த ஒன்றை ஆகும் காரியமாக்கிக் காட்டிய தாண்டேகரைப் பற்றியே பேசப்போகிறேன். பயிர்க் காப்பீட்டின் சிக்கல் கஜானாவில் இருப்பதைக் காட்டிலும் அளவுகோலில் இருக்கிறது என்பதை இந்நாட்டில் அவரளவு தெளிவாகக் கண்டு, கண்டதை நடைமுறைக்கும் கொண்டுவந்தவர் வேறொருவர் எனக்குத் தெரிந்தவரையில் இல்லை.

ஜீவ இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி ஒன்று எவ்விதம் நடக்கிறது என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள். ஆயிரம் பேர் சந்தா கட்டுகிறார்கள். அவ்வருஷம் அவர்களிற் சிலரே இறக்கிறார்கள். இருப்பவர்கள் கட்டிய பணம் இறந்தவர்களுடைய குடும்பங்களுக்குப் போகிறது. இறந்தவர் இறந்தாரா என்பதில் தர்க்கத்திற்கு இடமில்லை. எத்தனை பேர் இறப்பார்கள் என்பதற்கும் நூறாண்டுக் கணக்கு இருக்கிறது. தீக் காப்பீடும் ஏறக்குறைய அவ்வாறே: தெருவில் ஒரு வீடு எரிந்தால் மற்ற வீடுகள் நிற்கின்றன. வறட்சியோ இந்த மரியாதையை அனுசரிப்பதில்லை. ஆடிப்பட்டத்தில் விதைத்த மல்லாட்டை (நிலக்கடலை) மதனபள்ளிப் பக்கத்தில் ஒருவனுக்குக் கருகினால், அவனுக்கு உதவக்கூடிய அண்டை வீட்டானுக்கும் கருகிவிடுகிறது. அண்டை ஊரானுக்கும் அதே கதிதான். ஆகவே ஓர் ஊருக்குள்ளேயே இதனைப் பங்கிட்டுக்கொள்ள முடியாது. பல ராஜ்யங்களின் மேலும் பல வருஷங்களின் மேலும் பரப்பினாலொழிய இந்தப் பாரம் யாராலும் தாங்கக்கூடியதாகாது. இது முதற் கஷ்டம். இரண்டாவது கஷ்டம் இதைவிட நுட்பமானது: நஷ்டம் எவ்வளவு என்று யார் சொல்வது? மனிதன் இறந்தானா என்பதற்கு ஒரு சான்றிதழ் போதும். ஏக்கருக்குப் பத்து மூட்டை வரவேண்டிய இடத்தில் நாலு மூட்டை வந்ததற்கு மழை காரணமா, உழவன் களை எடுக்காமல் விட்டது காரணமா, அல்லது அறுத்ததில் பாதியை ராத்திரியில் வீட்டுக்குக் கொண்டுபோனது காரணமா என்பதை எந்தச் சான்றிதழ் சொல்லும்?

இன்ஷ்யூரன்ஸ் என்னும் சொல் நம் குடியானவனுடைய வாழ்வில் முதன்முதலில் எந்த வேஷத்தில் நுழைந்தது என்பதையும் இங்கே குறிப்பிடலாம். 1876 முதல் 1878 வரை இந்த ராயலசீமையையும் மைசூரையும் சூறையாடிய தாது வருஷத்துப் பஞ்சத்திற்குப் பின், லிட்டன் பிரபுவின் சர்க்கார் 'பஞ்ச இன்ஷ்யூரன்ஸ் நிதி' என்ற பெயரால் வருஷத்திற்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கிவைப்பதாக அறிவித்துப் புதிய வரிகளை விதித்தது. காப்பைப் பெறவேண்டியவனிடமிருந்தே வரியாக வாங்கி, எப்போது எவருக்கு எவ்வளவு கொடுப்பது என்பதைச் சர்க்காரே தீர்மானித்துக்கொள்ளும் ஓர் ஏற்பாட்டை இன்ஷ்யூரன்ஸ் என்று அழைக்கும் துணிவு அந்நாளில் அவர்களுக்கு இருந்தது. அப்பணம் வேறு செலவுகளுக்குத் திருப்பப்பட்டதென்று நம்மவர்கள் நெடுங்காலம் குறைகூறி வந்தார்கள். போகட்டும்.

உண்மையான முதல் முயற்சி நமக்கு மிகவும் அருகிலேயே நிகழ்ந்தது. பலமனேரைக் கடந்து மேற்கே சிறிது தூரம் போனால் பழைய மைசூர் சமஸ்தானத்தின் எல்லை வந்துவிடும். அந்தச் சமஸ்தானத்தில் உயர்ந்த நிதி உத்தியோகம் வகித்த ஜே. எஸ். சக்ரவர்த்தி என்னும் வங்காளி, இந்திய நிலைமைக்கு ஏற்ற விவசாய இன்ஷ்யூரன்ஸ் திட்டம் ஒன்றை வகுத்து 1920-ல் புத்தகமாக வெளியிட்டார். அதாவது, தாண்டேகர் பிறந்த அதே வருஷத்தில். அவர் சொன்ன யோசனை கேட்பதற்கு மிக எளிது. ஒவ்வொருவனுடைய வயலையும் போய்ப் பார்த்து நஷ்டத்தை மதிப்பிடுவது நடக்கிற காரியமன்று. ஆகவே வயலை விட்டுவிட்டு வானத்தை அளப்போம். மழைமானியில் விழுந்த மழை சாதாரண அளவிற்கு இவ்வளவு குறைந்தால், அந்த வட்டாரத்தில் சந்தா கட்டியவர் அனைவருக்கும் இவ்வளவு தொகை என்று முன்கூட்டியே நிர்ணயம் செய்துவிடலாம். யாரும் மழைமானியை ஏமாற்றி மழையைக் குறைத்துவிட முடியாது. சோம்பேறிக்கும் உழைப்பாளிக்கும் ஒரே தொகைதான் என்பதால், உழைத்து அதிகம் விளைத்தவன் அந்த அதிகத்தைத் தானே வைத்துக்கொள்கிறான். அடுத்த ஆண்டு, 1921-ல், அமெரிக்காவில் பிராங்க் நைட் என்பார், கணக்கிடக்கூடிய ஆபத்து வேறு, கணக்கிடவே முடியாத அநிச்சயம் வேறு என்று பகுத்து எழுதிய நூல் வெளியாகி உலகப் புகழ் பெற்றது. கணக்கிட முடியாததாகத் தோன்றிய ஒன்றைக் கணக்கிடக்கூடியதாக மாற்றுவதற்கு மைசூரில் ஒருவர் மழைமானியைக் கையிலெடுத்துக்கொண்டு வழி தேடினார் என்பதை அந்நாளில் அமெரிக்காவிலும் அறிந்திருக்கமாட்டார்கள். சென்னையிலும் கவனித்தவர்கள் அதிகமில்லை.

சக்ரவர்த்தியின் யோசனை எங்கே இடறுகிறது என்பதை எனக்குக் கற்பித்தவர் பேராசிரியர் எவருமல்லர். புத்தூருக்கு அருகில் நாலு ஏக்கர் கொல்லை வைத்திருந்த என் தாய்மாமன். அவருடைய கொல்லை ஓர் ஓடைக்குக் கிழக்கே இருந்தது. பங்காளி ஒருவருடைய கொல்லை மேற்கே. ஒரு வருஷம் கிழக்கே பெய்த மழை ஓடையைத் தாண்டவில்லை. நான் மிகையாகச் சொல்வதாக நினைப்பவர்கள் இம்மாவட்டத்துக் குடியானவர் யாரையும் கேட்டுப் பார்க்கலாம். அது மட்டுமன்று. மல்லாட்டைக்கு மொத்த மழையின் அளவைவிட அது எந்தச் சமயத்தில் பெய்கிறது என்பதே பிரதானம். பூத்து, விழுது மண்ணுக்குள் இறங்கும் சமயத்தில் மூன்று வாரம் ஈரம் இல்லாமற் போனால், அதற்கு முன்னும் பின்னும் பேய்மழை பெய்து மழைமானி நிரம்பி வழிந்தாலும், செடி பச்சைப் பசேலென்று நிற்கும், காய் மட்டும் இராது. மாட்டுக்குத் தீனி, மனிதனுக்குக் கடன். இவ்வூர் விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் நாராயணி, தரணி முதலிய நிலக்கடலை ரகங்களை வெளியிட்டபோது மனத்தில் வைத்திருந்த எதிரிகளில் இந்த இடைவறட்சியும் ஒன்று. மழைமானி மழையை அளக்கிறது. விளைவை அது அளப்பதில்லை.

சுதந்திரம் வந்த சமயத்தில் சர்க்கார் மறுபடியும் இவ்விஷயத்தை எடுத்தது. 1947-48-ல் நடத்திய விசேஷ ஆய்வு, தனித்தனி வயல் என்பதை விட்டு ஒரே தன்மையுள்ள வட்டாரத்தையே அலகாகக் கொள்வது நலம் என்று சிபாரிசு செய்தது. ராஜ்ய சர்க்கார்கள் செலவுக்கு அஞ்சி அதனை ஏற்கவில்லை. பின்பு மசோதா ஒன்று வரையப்பட்டு, அதைப் பரிசீலிக்கத் தர்ம நாராயண் தலைமையில் நிபுணர் குழு ஒன்று 1970-ல் அமைந்தது. விலைகளுக்கும் சாகுபடிப் பரப்புக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்து பெரும் பெயர் பெற்றிருந்த பொருளாதார அறிஞர் அவர். இந்நாட்டில் பயிர்க் காப்பீடு இப்போதைக்கு உசிதமன்று என்பதே அக்குழு தந்த தீர்ப்பின் சாரம். பின்னர் நடந்ததும் அத்தீர்ப்பை மெய்ப்பிப்பதுபோலவே இருந்தது. 1972-73-ல் குஜராத்தில் எச்-4 பருத்திக்கு என்று தொடங்கிய தனிநபர் காப்பீடு, பின்னர் நம் ஆந்திரமும் தமிழ்நாடும் உட்படப் பல ராஜ்யங்களில் நிலக்கடலை முதலிய பயிர்களுக்கும் விரிந்து, 1978-79 வரை நடந்தது. அவ்வளவு காலத்திலும் அதிற் சேர்ந்தவர்கள் 3,110 பேர். வந்த சந்தா 4.54 லட்சம் ரூபாய். கொடுத்த நஷ்டஈடு 37.88 லட்சம் ரூபாய். ஒரு ரூபாய் வாங்கி எட்டு ரூபாய்க்கு மேல் கொடுக்கும் வியாபாரத்தைக் குபேரனாலும் நெடுநாள் நடத்த முடியாது.

இந்தக் கட்டத்திலேதான் தாண்டேகருடைய கட்டுரை வந்தது. 1976-ல் 'எகனாமிக் அண்டு பொலிடிகல் வீக்லி' என்னும் பத்திரிகையில் அதை அவர் வெளியிட்டார். குழு எழுப்பிய ஆக்ஷேபங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அவையெல்லாம் தனிநபர் முறையைப் பற்றிய ஆக்ஷேபங்களேயன்றிக் காப்பீட்டைப் பற்றியவை ஆகமாட்டா என்று அவர் நிறுவினார். அவருடைய வாதத்தின் நடுநரம்பு இது: ஒருவனுடைய வயலில் சாதாரணமாக எவ்வளவு விளையும் என்பதற்கு இந்நாட்டில் எழுத்து ஆதாரம் கிடையாது; கிடைக்கப்போவதும் இல்லை. ஆனால் ஒரு தாலுக்காவில் எவ்வளவு விளைகிறது என்பதற்கு ஆதாரம் உண்டு. 1940-களில் மகாலனோபிசும், சுகாத்மே, பான்சே ஆகியோரும் எவ்வளவு சிறிய துண்டை வெட்டி அளப்பது என்று தங்களுக்குள் கடுமையாகச் சண்டையிட்டுக்கொண்டே இந்நாட்டுக்கு ஏற்படுத்திக் கொடுத்த பயிர் அறுவடைப் பரிசோதனை முறையிருக்கிறது. குறித்த கிராமங்களில், தற்செயல் எண் அட்டவணை காட்டும் வயலில், எண் அட்டவணை காட்டும் மூலையிலிருந்து, நாலு முளை அடித்துக் கயிறு கட்டி, அநேகமாக ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர், அதற்குள் விளைந்ததை மட்டும் அறுத்து நிறுத்துப் பார்க்கிறார்கள். அதன் சராசரி அந்த வட்டாரத்தின் விளைவு. அதனை முந்திய வருஷங்களின் சராசரியோடு ஒப்பிட்டு, குறைந்த வீதத்தில் எல்லோருக்கும் ஒரே நஷ்டஈடு கொடுத்துவிடலாம் என்றார் தாண்டேகர்.

கணக்கை ஒரு கற்பனை உதாரணத்தால் காட்டுகிறேன். ஒரு வட்டாரத்துக்கு ஹெக்டேருக்கு 800 கிலோ என்று உத்தரவாத விளைவு நிர்ணயமாயிருக்கிறது. அவ்வருஷம் பரிசோதனையில் 600 கிலோவே கண்டது. குறைவு நாலில் ஒரு பங்கு. ஆகவே 40,000 ரூபாய்க்குக் காப்புச் செய்தவருக்கு 10,000 ரூபாய். 4,000-க்குச் செய்தவருக்கு 1,000. எவர் வயலையும் எவரும் வந்து பார்ப்பதில்லை. எவரும் மனுப்போட வேண்டியதும் இல்லை.

இதில் மூன்று நன்மைகள் ஒருங்கே அமைந்தன. தன் வயலில் களையெடுக்காமல் விட்டவனுக்கு அதனால் ஒரு காசும் அதிகம் வராது. ஆகவே காப்பு இருக்கிறதென்ற தைரியம் முயற்சியைக் கெடுப்பதில்லை. பயிர்க் கடன் வாங்குவோர் அனைவரும் கட்டாயமாகச் சேரவேண்டும் என்று விதித்ததனால், கெட்ட நிலக்காரன் மட்டும் வந்து சேர்ந்து நல்ல நிலக்காரன் ஒதுங்கிக்கொள்ளும் தொல்லை இல்லை. இத்தொல்லையைப் பற்றி ராத்சைல்டும் ஸ்டிக்லிட்சும் சேர்ந்தெழுதி, பின்னாளில் ஸ்டிக்லிட்சின் நோபல் பரிசோடு சேர்த்துப் பேசப்பட்ட கட்டுரையும் இதே 1976-ல் வந்தது. அவர்கள் நோயின் இலக்கணத்தை வகுத்தார்கள், இவர் மருந்துக்குப் போனார். மூன்றாவதாக, விளைவு ஏன் குறைந்தது என்று இம்முறை கேட்பதில்லை. 2021 நவம்பரில் சுவர்ணமுகி ஆறு கரைபுரண்டு, ராயல செரு ஏரியின் கரையில் கசிவு கண்டு, கீழேயுள்ள ஊராரை வெளியேற்ற நேர்ந்ததை இங்குள்ளவர்கள் யாரும் மறந்திருக்கமாட்டார்கள். மழை இல்லாமையை மட்டும் எதிர்பார்த்து வைத்த அளவுகோல் அந்த வருஷம் நெல்லை இழந்தவனுக்கு எதற்குப் பயன்படும்? வறட்சியோ வெள்ளமோ பூச்சியோ, விளைவு குறைந்தால் குறைந்ததுதான்.

வட்டார முறை தாண்டேகரின் சொந்தக் கண்டுபிடிப்பா என்று கேட்டால், இல்லை. முன்னே சொன்ன 1947-48 ஆய்வு இருக்கிறது. அமெரிக்காவில் ஹால்க்ரோ என்பார் 1949-லேயே இதனை எழுதியிருந்தார். ஆனால் ஹால்க்ரோவின் தேசத்தார், 1938 முதலே சர்க்கார் காப்பீட்டு ஸ்தாபனம் வைத்திருந்தும், 1990-கள் வரையில் இந்த யோசனையைச் செய்கையிற் கொண்டுவரவில்லை. இங்கே கட்டுரை வெளிவந்த மூன்றாவது வருஷத்திலேயே, 1979-ல், பொதுக் காப்பீட்டுக் கழகம் அதனைப் பரீட்சார்த்தமாகத் தொடங்கிவிட்டது. பத்திரிகையில் எழுதிய ஒரு பொருளாதாரக் கட்டுரை இவ்வளவு சீக்கிரம் வயற்காட்டை எட்டியதற்கு இந்நாட்டில் வேறு உதாரணங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்தப் பரீட்சை நடந்தவிதம் கவனிக்கத்தக்கது. நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை சந்தா. சிறு விவசாயிகளுக்கு அதிற் பாதி மானியம். 1984-85 வரையில் 6.27 லட்சம் பேர் சேர்ந்தார்கள். வந்த சந்தா ஏறக்குறைய 197 லட்சம், கொடுத்தது 157 லட்சம். தனிநபர் முறையில் ஒன்றுக்கு எட்டாக இருந்த நஷ்டம் இங்கே ரூபாய்க்கு எண்பது காசாக அடங்கிவிட்டது. இதைக் கண்டு மகிழ்ந்த அதிகாரிகள் 1985-ல் விரிவான பயிர்க் காப்பீட்டுத் திட்டம் என்று நாடு முழுவதற்கும் அதனைப் பெரிதாக்கினார்கள். பெரிதாக்கும்போது ஒரு காரியம் செய்தார்கள்: தானியங்களுக்கு நூற்றுக்கு இரண்டு, பருப்பு வகைகளுக்கும் எண்ணெய் வித்துக்களுக்கும் நூற்றுக்கு ஒன்று என்று சந்தாவைத் தேசம் முழுவதும் ஒரே வீதமாக்கினார்கள். வானம் பார்த்த பூமியில் விளையும் நிலக்கடலை, எல்லாப் பயிர்களிலும் அதிக ஆபத்துக்குள்ளாவது. அதற்கு எல்லாவற்றிலும் குறைந்த விலை! பலன் சொல்லவேண்டியதில்லை. 1999 வரையில் வந்த சந்தா சுமார் 403 கோடி. கொடுத்தது 2,300 கோடி அளவில். ஏறக்குறைய பாதியைக் குஜராத் ஒன்றே, பெரும்பாலும் தன் நிலக்கடலைக்காக, பெற்றுக்கொண்டது. அதற்கடுத்த ஸ்தானம் நம் ஆந்திரத்துக்கு. உடனே, வட்டார முறை தோற்றுவிட்டது என்று எழுதினவர்கள் உண்டு. தோற்றது முறையன்று, விலை. குடியானவனால் முழுச் சந்தாவும் கொடுக்க இயலாது என்றால் மீதியைச் சர்க்கார் மானியம் என்று வெளிப்படையாகக் கணக்கெழுதிக் கொடுக்கட்டும். குறைந்த விலையைக் காப்பீட்டின் விலை என்று பெயரிட்டு, வருஷக் கடைசியில் நஷ்டத்தைப் பார்த்துத் திடுக்கிடுவது எந்தச் சாஸ்திரத்தோடும் சேராது. 2016-ல் வந்த பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், காரீப் உணவுப் பயிர்களுக்கும் எண்ணெய் வித்துக்களுக்கும் விவசாயி இரண்டு சதவீதம், மெய்யான சந்தாவில் மீதியைச் சர்க்கார்கள் என்று இந்தக் கணக்கு நேராக எழுதப்பட்டது. நாற்பது வருஷம் பிடித்தது.

இத்தனையும் சொன்னபின் குறையையும் சொல்லாவிட்டால் நான் வந்த காரியம் துதியாக முடிந்துவிடும். தாண்டேகர் துதியை விரும்பிய மனிதர் என்று நான் கேள்விப்பட்டதில்லை. வட்டாரத்தின் சராசரி ஒன்று, என் வயலின் நஷ்டம் மற்றொன்று. வட்டாரம் முழுவதும் நன்றாக விளைந்து என் வயல் மட்டும் ஆலங்கட்டியால் அழிந்தால் எனக்கு ஒன்றுமில்லை. வட்டாரம் காய்ந்து என் கிணற்றில் மட்டும் நீர் இருந்தால், நஷ்டமில்லாமலே எனக்கு ஈடு வந்துவிடும். தாண்டேகர் இதை அறியாமல் எழுதவில்லை. பெரிய உபகாரத்துக்காகச் சிறிய அநீதியை அறிந்தே ஏற்றுக்கொண்டார். அந்த அநீதி எவ்வளவு சிறியது என்பது வட்டாரம் எவ்வளவு சிறியது என்பதைப் பொறுத்தது. இங்கே தற்செயலாக ஒரு நன்மை விளைந்தது: விரிவான திட்டம் வந்த அதே 1985-ல் ஆந்திரத்தில் தாலுக்காக்களைக் கலைத்து மண்டலங்களை உண்டாக்கினார்கள், பழைய சித்தூர் மாவட்டம் 66 மண்டலங்களாயிற்று. அலகு அந்த அளவுக்குச் சுருங்கியது. பின்னர் முக்கியமான பயிர்களுக்குக் கிராமமே அலகாயிற்று. ஆனால் அலகு சுருங்கச் சுருங்க அளவைகள் பெருகவேண்டும்: ஒரு தாலுக்காவுக்குப் பதினாறு பரிசோதனை போதும் என்றிருந்தது, கிராமத்துக்கு நாலு என்றாலும், எத்தனை கிராமங்கள், எத்தனை பயிர்கள், எல்லாம் அறுவடையாகும் அந்த இரண்டு மூன்று வாரங்களுக்குள், எத்தனை சிப்பந்திகள்! கயிறு கட்டாமலே எண் எழுதப்படும் அபாயம் அங்கேதான் பிறக்கிறது.

கடனோடு காப்பைப் பிணைத்ததையும் நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்ளமாட்டேன். ஆட்களைச் சேர்ப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி அன்று இல்லை என்பது மெய். ஆயினும் ஈட்டுத்தொகை முதலில் கடன் கணக்கில் வரவு வைக்கப்பட்டதனால், காக்கப்பட்டது குடியானவனா, கடன் கொடுத்தவனா என்ற ஐயம் கிராமங்களில் தீரவேயில்லை. நிலம் தன் பெயரில் இல்லாத குத்தகைக்காரன், இங்கே கௌலு ரைத்து என்கிறோமே அவன், வங்கிக் கடனுக்கும் வெளியே, காப்புக்கும் வெளியே நின்றான். 2020 முதல் கடன் வாங்கியோரும் விரும்பினால் மட்டும் சேரலாம் என்று விதி தளர்ந்தது. பழைய ஐயம் தீர வழி பிறந்தது. நல்ல நிலக்காரன் ஒதுங்கிக்கொள்ளும் பழைய தொல்லைக்கும் கதவு திறந்தது. ஒன்றைப் பெற மற்றொன்றை இழக்கவேண்டிய இடத்தில் நிற்கிறோம்.

சக்ரவர்த்தியின் மழைமானியும் மறைந்துவிடவில்லை. 2003-ல் மகபூப்நகரில் நிலக்கடலைக்கும் ஆமணக்குக்கும் மழைக் காப்பீடு விற்கப்பட்டபோது எண்பத்து மூன்று வருஷத்துக்கு முந்திய அவருடைய யோசனை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. அங்கும் அனந்தபுரத்திலும் வீடுவீடாகச் சென்று விசாரித்த பொருளாதார ஆராய்ச்சியாளர்களுக்கு, வாங்காதவர்கள் சொன்ன முக்கியமான காரணங்களில் ஒன்று, இது இன்னதென்று விளங்கவில்லை என்பது. பணமில்லை என்று சொன்னவர்களும் இருந்தார்கள். தன் வயலில் நடந்ததற்கும் தன் கைக்கு வரும் தொகைக்கும் நடுவே ஓர் அளவுகோல் நிற்கிறது. அந்த அளவுகோல் எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது என்று தெரியாதவன் அதனை எப்படி நம்புவான்?

1980-களின் கடைசியில் என் மாமா ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் மல்லாட்டைக்குக் கடன் வாங்கினார். அதில் இன்ஷ்யூரன்சுக்கு என்று ஒரு தொகை பிடித்திருந்தார்கள். படித்த பிள்ளை என்று என்னிடம் ரசீதைக் கொண்டுவந்து காட்டினார். நான் அப்போது தாண்டேகரைப் புதிதாகப் படித்திருந்த உற்சாகத்தில், சராசரி, வட்டாரம், எண் அட்டவணை எல்லாவற்றையும் அரைமணி நேரம் விஸ்தரித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நம்ம கொல்லையில கயிறு கட்டவே இல்லியேடா, நம்ம மல்லாட்ட எவ்வளவு வெளஞ்சுதுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

கட்டவேண்டியதில்லை மாமா, அதுதான் இதன் அழகு என்றேன். அவருக்கு அழகு புலப்படவில்லை. மறுவருஷம் எங்கள் ஊரிலேயே வேறொருவர் கொல்லையில் பரிசோதனை நடந்தது. மாமா வேலையை விட்டுவிட்டுப் போய், முளை அடிப்பதிலிருந்து காயை உலர்த்தி மறுபடி நிறுப்பது வரை வரப்பில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தார். நிறுத்த எண்ணைத் தம் ரசீதின் பின்புறத்தில் பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டார். அந்த ரசீது இப்போது என்னிடம் இருக்கிறது.